வழி மறிப்பு: சேவை மறுப்புத் தாக்குதல் என்றால் என்ன?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மாத்திரமே உரியது என்று உங்களில் பலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணுவது சரியல்ல. ஏனெனில் இன்றைக்குப் பட்டா நகல் எடுக்க வேண்டுமானாலும், முதியோர் பென்ஷன் வந்ததா என்று பார்க்க வேண்டுமானாலும், பிள்ளையின் பரீட்சை முடிவு தெரிய வேண்டுமானாலும், ரயிலுக்கு டிக்கெட் வாங்க வேண்டுமானாலும், டீக்கடைக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டுமானாலும்கூட, எங்கோ கண்காணாத இடத்திலிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் நமக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதைத்தான் சர்வர் என்கிறார்கள். அது பதில் சொல்லாமற்போனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்று சொல்லிவிடுகிறார். அவருக்கு அது நான்கு வார்த்தை. நமக்கோ அது ஒரு நாள் கூலி.

சரி, சர்வர் ஏன் பதில் சொல்லவில்லை? ஒருவர் "நம் நேரம் சரியில்லை" என்கிறார். இன்னொருவர் "யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள்" என்கிறார். முன்னவர் கிரகத்தின்மேல் பழி போடுகிறார். பின்னவர் யாரென்றே தெரியாத ஒரு மாயாவியின்மேல் பழி போடுகிறார். இருவருமே என்ன நடந்ததென்று விசாரிக்கவில்லை என்பதில் இருவரும் ஒன்றுதான். காரணமில்லாமல் யந்திரம் நிற்பதில்லை. அந்தக் காரணங்களில் ஒன்றுதான் சேவை மறுப்புத் தாக்குதல் என்பது. அது எப்படி நடக்கிறது, யார் செய்கிறார்கள், அதனால் யாருக்கு நஷ்டம், அதைத் தடுக்க நம்மால் ஆகக்கூடியது என்ன என்பவற்றைத்தான் இன்று யோசிக்கப் போகிறோம்.

முதலில் அது என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார், தராசும் சரியாக இருக்கிறது. ஆனால் யாரோ ஒருவன் ஆயிரம் பேருக்குக் கூலி கொடுத்து வரிசையில் நிறுத்திவைத்துவிட்டான். அவர்களில் ஒருவரும் அரிசி வாங்க வரவில்லை. ஒவ்வொருவரும் ஜன்னலண்டை போய், "இன்று என்ன கிழமை?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் வந்து நின்றுகொள்ளுகிறார்கள். கடைக்காரர் பதில் சொல்லிச் சொல்லியே பொழுது சாய்ந்துவிடுகிறது. உண்மையில் பசித்து வந்தவன் வெறும் பையோடு வீட்டுக்குப் போகிறான். பூட்டு உடைக்கப்படவில்லை, ஒரு மணி அரிசி திருட்டுப் போகவில்லை, ஆனாலும் கடை நடக்கவில்லை. இதுதான் சேவை மறுப்புத் தாக்குதல். திருடன் உள்ளே நுழைவான். இவன் நுழைவதில்லை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒன்றும் திருடுபோகவில்லையென்றால் இதில் என்ன பெரிய குற்றம்?" என்று சிலர் கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டின் குறுக்கே ஒருவன் நூறு வண்டிகளை நிறுத்திவைத்துவிட்டு, "நான் யார் பையிலும் கை வைக்கவில்லையே" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுவோமா? பொதுவழியில் ஒருவனைப் போகவிடாமல் தடுப்பது அவன் பொருளைப் பறிப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பதை இந்த நாட்டு ஜனங்களுக்கு நாம் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, இந்த வழி மறிப்பு நடக்கும் விதங்களில் மூன்றை மாத்திரம் சொல்லுகிறோம்.

முதலாவது விதம். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசத் தொடங்குமுன் மூன்று வார்த்தை மரியாதை உண்டு. வருகிறவர் "உள்ளே வரலாமா?" என்கிறார். வீட்டுக்காரர் "வாருங்கள், நாற்காலி போட்டுவைத்திருக்கிறேன்" என்கிறார். வந்தவர் "இதோ வந்துவிட்டேன்" என்று உட்காருகிறார். பிறகுதான் பேச்சு. இப்போது ஒருவன் "வரலாமா?" என்று மாத்திரம் ஆயிரம் தடவை கேட்டுவிட்டு, ஒரு தடவைகூட வராமலிருந்தால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் ஆயிரம் நாற்காலி போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்காலிகளுக்கு ஒரு கணக்குண்டு. அவை தீர்ந்தபின் உண்மையான விருந்தாளி வந்தால் உட்கார இடமில்லை. 1996-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் ஜனங்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்துவந்த பானிக்ஸ் என்ற கம்பெனியை இந்த முறையில்தான் பல நாட்கள் ஸ்தம்பிக்க வைத்தார்கள். நல்லெண்ணத்தோடு ஏற்படுத்திய மரியாதையையே ஆயுதமாகத் திருப்பிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது விதம், பொய் விலாசம். நீங்கள் ஒரு புத்தகக் கம்பெனிக்கு, "உங்கள் விலைப்பட்டியல் முழுவதையும் அனுப்புங்கள்" என்று ஒரு கார்டு எழுதுகிறீர்கள். ஆனால் அனுப்புகிறவர் விலாசத்தில் உங்கள் பெயருக்குப் பதிலாக உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் பெயரைப் போட்டுவிடுகிறீர்கள். இப்படியே பத்தாயிரம் கம்பெனிகளுக்கு எழுதிவிட்டால், மறுவாரம் அந்த மனிதர் வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாகக் காகிதம் வந்து குவியும். உங்களுக்குச் செலவு கார்டு விலை. அவருக்கோ கதவைத் திறக்க வழியில்லை. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி கிட்ஹப் என்ற தளத்தின்மேல் இப்படித்தான் தாக்கினார்கள். மெம்கேஷ்டு என்ற ஒருவகைச் சர்வர்களைக் காவலின்றிப் பலர் திறந்துபோட்டிருந்தார்கள். அவற்றிடம் கேட்கிற கேள்வி சிறிது. பதிலோ அதைப்போல் 51,000 மடங்குவரையில் பெரிதாக வரக்கூடும். அன்று கிட்ஹப்பின் வாசலில் வந்து மோதியது நொடிக்கு 1.35 டெராபிட், அதாவது 1,35,000 கோடி பிட். தடுப்பு ஏற்பாடு தயாராக இருந்தபடியால் அவர்கள் பத்து நிமிஷத்துக்குள் தலைதூக்கிவிட்டார்கள். 2025-ஆம் ஆண்டிலோ நொடிக்கு 20 டெராபிட்டைத் தாண்டிய தாக்குதல்களும் பதிவாகியிருக்கின்றன.

மூன்றாவது விதந்தான் நாம் எல்லோரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. ஏனெனில் இதில் குற்றவாளியின் கையிலிருக்கும் தடி நம்முடைய தடியாகவே இருக்கக்கூடும்.

இப்போது வீட்டு வாசலிலும் கடையிலும் காமிரா வைக்கிறோம். இணைய இணைப்புக்கு ரவுட்டர் வைக்கிறோம். அவை பார்வைக்குச் சிறு பெட்டிகள். உள்ளே இருப்பது முழுக் கம்ப்யூட்டர். அதைச் செய்து அனுப்பிய கம்பெனிக்காரன் "அட்மின்" என்று ஒரு பெயரும் "12345" என்று ஒரு பாஸ்வேர்டும் வைத்து அனுப்புகிறான். லட்சம் பெட்டிக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. நாமும் அதை மாற்றுவதில்லை. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூன்று வாலிபர்கள் மிராய் என்ற ஒரு புரோகிராம் எழுதினார்கள். மிராய் என்றால் ஜப்பானிய பாஷையில் எதிர்காலம் என்று பொருள். அதில் அபாரமான வித்தை ஒன்றுமில்லை. கம்பெனிகள் வைத்தனுப்பும் பாஸ்வேர்டுகளில் 60-க்குச் சற்று மேற்பட்டவற்றை ஒரு ஜாபிதாவாக வைத்துக்கொண்டு, உலகத்திலுள்ள பெட்டிகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். திறந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவேதான். அதற்கே ஒரு சமயத்தில் சுமார் 6 லட்சம் பெட்டிகள் அடிமைப்பட்டன.

தோழர்களே! அந்தப் பெட்டியின் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. காமிரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எஜமான் ஒருவன் எங்கிருந்தோ உத்தரவு போட்ட உடனே, திருவாளர் சாது ஒருவரின் வீட்டுக் காமிரா கடல் கடந்து யாரோ ஒருவரின் வாசலைப் போய் அடைத்து நிற்கும். யாரோ வைத்துவிட்டுப் போன பெயரையும் சொல்லையும் ஏன், எதற்கு என்று கேளாமல் அப்படியே வைத்துக்கொண்டிருப்பதன் பலன் இது. நமக்கு மாத்திரம் கெடுதி வந்தால்கூட "என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இங்கே நம் அசட்டையினால் அடிபடுகிறவன் அடுத்தவன் என்பதைச் சிந்தியுங்கள்.

இனி இதன் விளைவுகளைப் பார்ப்போம்.

2007-ஆம் ஆண்டில் எஸ்டோனியா என்ற சிறு நாட்டில், சோவியத் காலத்துப் போர்வீரர் சிலை ஒன்றை வேறிடத்துக்கு மாற்றியதைக் குறித்துப் பெரிய தகராறு உண்டாயிற்று. ஏப்ரல் 27-ஆம் தேதி முதற்கொண்டு சுமார் மூன்று வாரம் அந்நாட்டுச் சர்க்கார் தளங்களும், பாங்குகளும், பத்திரிகைகளும் விட்டுவிட்டுத் தாக்கப்பட்டன. அந்நாட்டார் அப்போதே பாங்கு வேலைகளைப் பெரும்பாலும் இணையத்தில் செய்துவந்தவர்கள். தாக்குதலைச் சமாளிப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வரும் வழியையே சில காலம் மூடவேண்டி வந்தது. அதாவது பகைவனை வெளியே நிறுத்துவதற்காகத் தம் நாட்டையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. எஸ்டோனியா ரஷ்யாவைக் குற்றஞ்சாட்டிற்று, ரஷ்யா மறுத்தது. கடைசியில் தண்டிக்கப்பட்டது ஒரே ஒரு மாணவர். 2008-இல் அவருக்கு 17,500 குரோன் அபராதம். அடித்தவன் யாரென்று கண்டுபிடிப்பது இந்த விஷயத்தில் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதுவே போதும்.

ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டில் லோன்ஸ்டார் என்ற டெலிபோன் கம்பெனியை, போட்டிக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவரின் ஏவலால் பணம் வாங்கிக்கொண்டு ஒருவன் 2016-இல் மிராய் வழியே தாக்கினான். கம்பெனிகளுக்குள் சண்டை, பேச வழியில்லாமல் திண்டாடியது ஜனங்கள். இங்கிலாந்துக் கோர்ட் 2019 ஜனவரியில் அவனுக்கு 2 வருஷம் 8 மாதம் சிறைத் தண்டனை கொடுத்தது. அதே 2016-இன் பிற்பகுதியில், பின்லாந்தில் லப்பேன்ரன்டா என்ற ஊரில் இரண்டு குடியிருப்புக் கட்டடங்களின் வெந்நீரையும் வெப்பத்தையும் நடத்திவந்த கம்ப்யூட்டர் இந்தத் தாக்குதலுக்கு அகப்பட்டு, நின்று நின்று மறுபடி புறப்பட்டுக்கொண்டே இருந்தது. குளிர்நாட்டில் குளிர்காலம் நெருங்கும்போது வீட்டில் வெப்பம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? "இணையம் நின்றால் சினிமாதான் நிற்கும்" என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதைவிட நம்போன்றவர்கள் மனதில் வைக்கவேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. பிரையன் கிரெப்ஸ் என்பவர் அமெரிக்காவில் இணையக் குற்றங்களைத் துப்பு விசாரித்து எழுதிவரும் தனிப் பத்திரிகையாளர். கூலிக்குத் தாக்குதல் நடத்தும் ஒரு கூட்டத்தை அவர் வெளிப்படுத்தினார். 2016 செப்டம்பர் 20-ஆம் தேதி அவருடைய தளத்தின்மேல் நொடிக்கு சுமார் 620 கிகாபிட் வந்து மோதிற்று. அதுவரை இனாமாகக் காவல் கொடுத்துவந்த அகமாய் கம்பெனி, இனிமேல் இதற்காகும் செலவைத் தாங்கமுடியாது என்று விலகிக்கொண்டது. சில நாட்கள் அவர் தளம் இருந்த இடம் தெரியாமற்போயிற்று. பிறகு கூகுள் கம்பெனி பத்திரிகைகளுக்கென்று இனாமாக நடத்தும் காவல் ஏற்பாட்டில் சேர்ந்தபின்தான் அவர் மறுபடி பேசமுடிந்தது.

இதன் பொருள் என்ன? முன்னெல்லாம் ஒரு கருத்தைப் பேசவிடாமல் தடுக்கவேண்டுமானால், கூட்டத்திற்கு ஆளனுப்பிக் கூச்சல் போடச் செய்வார்கள், கல்லெறிவார்கள், விளக்கை அணைப்பார்கள். பதில் சொல்ல யோக்கியதை இல்லாதவன் செய்கிற காரியம் அது. இன்றைக்கு அதே காரியத்தை, ஆளனுப்பாமல், முகங்காட்டாமல், வீட்டிலிருந்தபடியே செய்கிறான். சர்க்கார் ஒரு பத்திரிகையைத் தடைசெய்தால் உத்தரவு இருக்கும், கையெழுத்து இருக்கும், கோர்ட்டுக்குப் போகலாம். இந்தத் தடைக்கு உத்தரவும் இல்லை, கையெழுத்தும் இல்லை, அப்பீலும் இல்லை. பெரிய கம்பெனிக்காரன் பணம் கொடுத்துக் காவல் போட்டுக்கொள்வான். நாலு பேர் சந்தாவில் நடக்கிற சிறு பத்திரிகை என்ன செய்யும்? பணமுள்ளவன் மாத்திரமே பேசலாம், மற்றவன் யாராவது பெரிய கம்பெனியின் தயவில்தான் பேசலாம் என்று வந்துவிட்டால், அதற்குப் பேச்சுரிமை என்று பெயர் வைப்பதில் என்ன பிரயோஜனம் என்று நாம் கேட்கிறோம்.

இனி, பயமுறுத்திப் பணம் பறிக்கிற வேலை. "இத்தனாம் தேதிக்குள் இத்தனை பணம் கட்டாவிட்டால் உன் தளத்தை மூழ்கடித்துவிடுவோம்" என்று கடிதம் வரும். 2016-ஆம் ஆண்டில் ஆர்மடா கலெக்டிவ் என்ற பெயரில் பலருக்கு இப்படிக் கடிதங்கள் வந்தன. விசாரித்துப் பார்த்த கிளவுட்பிளேர் கம்பெனி, கடிதம் வந்ததேயொழிய ஒரு இடத்திலாவது தாக்குதல் நடந்ததாகத் தெரியவில்லை என்றும், ஆனால் பயந்தவர்கள் ஒரு லட்சம் டாலருக்குமேல் கட்டிவிட்டார்கள் என்றும் வெளியிட்டது. பாருங்கள் அதிசயத்தை! கையில் ஆயுதமே இல்லை. பெயர் ஒன்றுதான் ஆயுதம். வராத ஆபத்துக்குப் பரிகாரம் செய்து, ஆபத்து வராததைக் கண்டு பரிகாரத்தின் மகிமை என்று சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள். சரி, உண்மையாகவே தாக்குகிறவனுக்குப் பணம் கொடுத்தால் விட்டுவிடுவானா? 2015 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் புரோட்டான்மெயில் என்ற கடிதச் சேவை, மற்றவர்களின் நெருக்குதலினால் சுமார் 6,000 டாலர் பெறுமான பிட்காயின் கட்டிற்று. அதன் பிறகும் தாக்குதல் நிற்கவில்லை. பயத்துக்குக் கொடுக்கிற காசு பயத்தை வளர்க்குமேயன்றி ஒழிக்காது.

இதைச் செய்கிறவர்கள் பெரிய சூரர்கள் என்றும் எண்ணவேண்டாம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் யாகூ, ஈபே, அமேசான், சி.என்.என். முதலிய பெரிய தளங்களை அடுத்தடுத்து நிறுத்தியவன் கனடாவிலுள்ள மாண்ட்ரியலைச் சேர்ந்த 15 வயதுப் பையன். மிராய் எழுதிய மூவரும் அப்போது இருபது வயதைச் சுற்றியிருந்தவர்கள். மைன்கிராப்ட் என்ற விளையாட்டுச் சர்வர் வியாபாரத்தில் போட்டியாளரை ஒழிப்பது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. அவர்களில் ஒருவர் தாம் படித்துவந்த ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியையே தாக்கி, மாணவரும் ஆசிரியரும் பாட வேலைகளை ஒப்படைக்கும் வாசலை அடைத்தவர். அவரே இன்னொரு பக்கத்தில் தாக்குதலிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லும் கம்பெனி ஒன்றிலும் பங்காளி! நோயை வைப்பவனும் அவனே, மருந்து விற்பவனும் அவனே. அவர்கள் புரோகிராமை 2016 செப்டம்பர் கடைசியில் உலகமெல்லாம் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டார்கள். அக்டோபர் 21-ஆம் தேதி வேறு ஆட்கள் அதைக்கொண்டு டைன் என்ற கம்பெனியைத் தாக்க, ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பலமணி நேரம் கிடைக்காமற்போயின. டைன் என்பது தளங்களின் பெயரைச் சொன்னால் விலாசத்தைச் சொல்லுகிற கம்பெனி. கடைகளெல்லாம் திறந்தேயிருந்தன, தெருப் பெயர்ப் பலகையைத்தான் பிடுங்கிவிட்டார்கள். மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஐரோப்பாவில் வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்று ஒரு கடையே நடந்தது. மாதம் 15 யூரோவுக்குக்கூட யாரையாவது தாக்கித் தருவார்கள். 2018 ஏப்ரலில் போலீசார் அதை மூடியபோது அதில் பதிவுசெய்திருந்தவர்கள் 1,36,000-க்கு மேல். நடந்திருந்த தாக்குதல்கள் 40 லட்சம். நம் வீட்டுப் பிள்ளைகளும் விளையாட்டில் தோற்ற கோபத்தில் இப்படிப்பட்ட கடைக்குப் போகக்கூடும். நம் நாட்டு 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி, உரிமையுள்ள ஒருவருக்குக் கம்ப்யூட்டர் சேவை கிடைக்காமற் செய்வது 3 வருஷம் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் என்பதைப் பெற்றோர்கள் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இவ்வளவு சொன்ன நாம் இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. சர்வர் நின்றதெல்லாம் தாக்குதலால் அல்ல. 2020 மார்ச் 23-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில், கொரோனாவினால் வேலையிழந்தவர்கள் சர்க்கார் உதவி கேட்டு மைகவ் என்ற தளத்துக்கு வந்தார்கள். தளம் நின்றுவிட்டது. பொறுப்பிலிருந்த மந்திரி, "இது சேவை மறுப்புத் தாக்குதல்" என்றார். அன்றைக்கே அதை அவர் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 55,000 பேர் என்ற வரம்பு வைத்த வாசலில் 95,000 பேர் வந்து நின்றார்கள், நடந்தது அவ்வளவே. வேலைபோய் வந்து நின்ற ஏழைகள் ஒரு காலைப்பொழுதில் தாக்குதல்காரர்கள் ஆகிவிட்டார்கள்! அமெரிக்காவிலும் 2017 மே மாதத்தில், இணையச் சமத்துவ விதியைப்பற்றி அபிப்பிராயம் தெரிவிக்க ஜனங்கள் திரண்டு வந்தபோது, எப்.சி.சி. என்ற தகவல் தொடர்புக் கமிஷன் தன் தளம் தாக்கப்பட்டதாகச் சொல்லிற்று. 2018 ஆகஸ்டில் அதன் சொந்தத் தணிக்கை அதிகாரியே விசாரித்து, அப்படிப்பட்ட தாக்குதல் நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார்.

ஆகவே தோழர்களே, "தாக்கிவிட்டார்கள்" என்று யார் சொன்னாலும், சொல்லுகிறவர் மந்திரியானாலும், கம்பெனி முதலாளியானாலும், "எத்தனை மணிக்கு? எவ்வளவு? எங்கிருந்து? ஆதாரம் எங்கே?" என்று கேளுங்கள். தாக்குதலுக்கும் கூட்டத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத்தக்கதே. பரீட்சை முடிவு வருகிற நாளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பது ஒரு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். அதற்கு வாசலை அகலமாக்கி வைப்பது நிர்வாகஸ்தர்கள் கடமை. அதைச் செய்யாதவர் பழியைக் கூட்டத்தின்மேலோ கண்காணாத சத்துருவின்மேலோ போடுவதை நாம் அனுமதிக்கக்கூடாது.

கடைசியாக, செய்யத்தக்கது என்ன?

நம்மால் ஆவதை முதலில் சொல்லுகிறோம். காமிராவோ ரவுட்டரோ வாங்கினால், பெட்டியைப் பிரித்த அன்றே கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். பொருத்த வருகிறவரிடம் உங்கள் முன்னிலையிலேயே மாற்றச் சொல்லுங்கள். ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். கம்பெனி அவ்வப்போது அனுப்பும் திருத்தங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். திருத்தமே அனுப்பாத பெயர்தெரியாத கம்பெனிப் பெட்டியை விலை மலிவென்று வாங்காதீர்கள். வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் வசதி தேவையில்லையானால் அதை மூடிவையுங்கள். பெட்டியை அணைத்துப் போட்டால் மிராய் போன்றது போய்விடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடும். பத்திரிகையோ, பள்ளிக்கூடமோ, சங்கமோ தளம் நடத்தினால், தாக்குதல் வருமுன்பே காவல் சேவை ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். மிரட்டல் கடிதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சைபர் போலீசுக்குத் தெரிவியுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய சர்க்காரின் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, கம்பெனிகளும் ஸ்தாபனங்களும் இப்படிப்பட்ட தாக்குதலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கவேண்டும்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் பாமர ஜனங்களின் தலையில் போட்டுவிட்டுக் கம்பெனிகள் தப்பித்துக்கொள்ள நாம் விடக்கூடாது. லட்சம் பெட்டிக்கு ஒரே பாஸ்வேர்டு வைத்தவன் யார்? ஜனங்களா? அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் 2020 ஜனவரி முதல் இதற்குச் சட்டம் நடத்துகிறது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பது சட்டவிரோதம். அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது? அதுபோலவே பொய் விலாசம் போட்ட கார்டைத் தபாலாபீஸிலேயே பிடித்து நிறுத்தும் வழியும் உண்டு. ஒவ்வொரு இணையக் கம்பெனியும் தன் வாடிக்கைக்காரரிடமிருந்து புறப்படும் செய்தியில் போட்டிருக்கும் விலாசம் அவருடையதுதானா என்று பார்த்து அனுப்பினால் போதும். இந்த முறையை 2000-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே நன்னடத்தையாக வகுத்து எழுதிவைத்துவிட்டார்கள். இருந்தும் இன்னும் சில கம்பெனிகள் செய்வதில்லை. ஏனெனில் செலவு அவனுக்கு, பலன் அடுத்தவனுக்கு. தன் வீட்டுச் சாக்கடையை அடுத்தவன் வாசலில் விடுகிறவனுடைய நியாயம் இது. சாக்கடைக்குச் சட்டம் போட்ட நாம் இதற்கும் போடத்தான் வேண்டும்.

தோழர்களே! யந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. யார் சொன்னாலும் கேட்கும். கேள்வி கேட்பதும், யோசிப்பதும், வேண்டாததை மறுப்பதும் மனிதனுடைய வேலை. ஆதலால் நாம் சொன்னதையும் சொன்னபடியே நம்பிவிடாமல் உங்கள் அறிவைக்கொண்டு சீர்தூக்கிப் பார்த்து, சரியென்று தோன்றினால் நாளைக் காலையில் உங்கள் வீட்டு ரவுட்டரிலிருந்தே அதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.